கணக்குப் பாட நேரம்

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே கூடம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. காலையில்தான் மூளை வேலை செய்யும் என்று அவர் கணக்கைப் பத்து மணிக்கு வைத்திருந்தார். நல்ல ஏற்பாடுதான். அந்தப் பத்து மணிக்குத்தான் நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவேன்.

தம்பிக்கு உடம்பெல்லாம் சிரங்கு. மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டும் என்று வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயா அவனைச் சேர்க்கவில்லை. அதனால் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்திலேயே சாக்கில் கிடப்பான். பால் கொடுக்க அம்மா இறங்கி வந்தால் அன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். ஆகவே நான்தான் அவனை மேலே கொண்டுபோவேன். கூடையைக் கழற்றாமலே அம்மா தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பால் கொடுப்பாள். நான் திரும்பி வரும்போது தமிழ் வாசிப்பு நடக்கும்.

வாசிப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை. "கணக்குன்னா மட்டும் இந்தப் புள்ள காத்தாப் பறந்துரும்" என்று வாத்தியார் சொல்ல, கூடமே சிரிக்கும். போக அனுமதி கொடுப்பவரும் அவர்தான். நானும் சிரித்துவைப்பேன்.

ஐந்தாம் வகுப்பு முடிவில், அட்டனிலிருந்த பெரிய பள்ளிக்கூடத்தில் சேர ஒரு சோதனை வைத்தார்கள். தேறாவிட்டால் எனக்கும் அம்மாபோல் கொழுந்து பறிக்கும் கூடைதான். றொசல்லையில் ரயிலேறி மூன்று பிள்ளைகள் போனோம். தமிழை மளமளவென்று எழுதினேன். கணக்கில் கூட்டலும் கழித்தலும் போட்டேன். மிச்சமெல்லாம் வகுத்தல். அதைச் சொல்லிக்கொடுத்த மாதங்களில் நான் மலையில் இருந்தேன். மணி அடிக்கும்வரை தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்ற இருவரும் தேறினார்கள். வாத்தியார் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். வேலை விட்டு வந்தவள், இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கோடு வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். தம்பி என் இடுப்பில் இருந்தான்.

"தமிழ் நல்லா வருது. கணக்குதான் சுத்தமா இல்ல" என்றார் வாத்தியார்.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கையைக் கூப்பினாள்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. நீங்களும் எம்புட்டோ பாடுபட்டீங்க. எங்க வம்சத்துக்கே கணக்கு ஏறாதுங்க."

அவர் பெரிய மனதோடு தலையாட்டினார். அந்த மனிதர் மேலிருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அம்மா மேல் வந்தது ஆறவேயில்லை. அவள் அதை மரியாதைக்காகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள். லயத்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், "வெசனப்படாத, எனக்கும் வராதுதானே" என்று என்னைத் தேற்றிக்கொண்டே வந்தாள்.