வில்லிலிருந்து நான் கழற்றிய சாமான்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காட்டுப்பன்றியின் நெஞ்சில் அம்பு இறக்கினேன்.

பதற வேண்டாம். நுரை ரப்பரில் செய்த பன்றி. நாங்கள் இருக்கும் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து கொஞ்சத் தூரம் கார் ஓட்டினால் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே எங்கள் வில்வித்தை கிளப் வரும். அங்கே நிற்கும் பன்றி. அதற்கு வலிக்கவில்லை. என் கணவருக்குத்தான் வலித்தது.

ஏன் என்று சொல்கிறேன்.

பிளாக்டவுனில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர் கவிதா. கோயம்புத்தூர்க்காரர். சில வருடங்களாக வேட்டை வில் பிடிப்பவர். "சும்மா ஒரு தடவை வந்து பாருங்க அக்கா" என்று இந்த வருட ஆரம்பத்தில் எங்களைக் கிளப்புக்கு அழைத்தார். நானும் என் கணவர் ரவியும் போனோம். சும்மாதான் போனோம்... கொஞ்ச நாளில் வீட்டில் இரண்டு வில்!

இரண்டும் ஒரே மாடல். கொம்பவுண்ட் வில் என்பார்கள். இரண்டு முனையிலும் சில்லு, அதாவது குட்டிச் சக்கரம், வைத்தது. இழுக்கத் தொடங்கும்போது தோள்மூட்டே கழன்றுவிடும் போலிருக்கும். முழுதாக இழுத்துவிட்டாலோ பாரத்தின் பெரும்பகுதியைச் சில்லுகள் வாங்கிக்கொள்ளும். ஆறுதலாகக் குறி பார்க்கலாம்.

வில் வாங்கினால் வேலை முடிந்ததா? இல்லை. அதற்குப் பிறகுதான் கடைக்காரருக்குக் கொண்டாட்டம்.

ரவி ரயில்வேயில் சிக்னல் எஞ்சினியர். எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். கடையின் ஒரு சுவர் முழுக்க வில்லில் பூட்டும் சாமான்கள் தொங்கின. மனிதருக்குக் கண் விரிந்துவிட்டது. வில் ஆடாமல் இருக்க முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெபிலைசர் தடி. ஐந்து தூரங்களுக்கு ஐந்து நிறப் புள்ளிகள் வைத்த குறிகாட்டி. அதற்கு ஒரு குட்டி லைட். தூரத்தை லேசரில் அளக்கும் கருவி. வில்லை நிலத்தில் நிறுத்தி வைக்க மடக்குக் கால்...

"உமக்கும் ஒவ்வொண்டு எடுக்கிறன்" என்றார். அவ்வளவு அன்பு! வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வில்களில் பூட்டினோம். எங்கள் மகள் எட்டிப் பார்த்தாள். "இட் லுக்ஸ் லைக் எ கிறிஸ்மஸ் ட்ரீ, டாட்" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று வாரம் அந்த மரத்தைத் தூக்கிப் பழகினேன். பழகினேன் என்பதே பெரிய வார்த்தை. ஒரு பூசணிக்காயை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள்... அப்படி இருந்தது. கை நடுங்கும். அவசரத்தில் விடுவேன். அம்பு புல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். போதாக்குறைக்கு நாண் திரும்பி வந்து முன்கையில் பளார் என்று அறையும்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். என் கையில் கத்தரிக்காய் நிறத்தில் இருந்த கண்டலைப் பார்த்துக்கொண்டே, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"வீட்டில எல்லாம் ஓகேயா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டேன். வில், அம்பு, நாண் என்று நான் விளக்க விளக்க, அவர் முகத்தில் கவலை கூடியதே தவிரக் குறையவில்லை. "நீங்கள் எப்போது வேண்டுமானாலும் என்னோடு பேசலாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார். பாவம், நல்ல மனுஷி. ரவியின் மானம் அன்று அலுவலகத்தில் ஊசலாடியது.

மதியச் சாப்பாட்டின்போது கவிதா என் கையைப் பார்த்தார். அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"அக்கா, முன்கையில கட்டுற காப்புப் பட்டை எங்க?"

"அது வாங்கேல்லையே."

"லேசர் இருக்கு, லைட் இருக்கு... கைக்குக் காப்பு இல்லையா?"

ஓம். சுவர் முழுக்கத் துழாவிய நாங்கள், முதலில் வாங்க வேண்டியதை வாங்கியிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கவிதா எங்கள் கராஜுக்கு வந்தார். வில்லைத் தூக்கிப் பார்த்தார். சிரிக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார்.

"ஆமா, அழகாத்தான் இருக்கு. ஆனா இதைத் தூக்கிட்டு மேடு ஏறப்போறது நீங்கதானே? ஒவ்வொண்ணையும் கேளுங்க. இது என் உடம்பைக் காப்பாத்துதா? அம்பை நேரா அனுப்புதா? ரெண்டும் இல்லேன்னா இப்போதைக்குக் கழட்டிடுங்க."

நான் கழற்றத் தொடங்கினேன். தடி போனது. லைட்டும் லேசரும் போயின. மடக்குக் கால் போனது. ரவிக்குப் பொறுக்கவில்லை.

"என்னப்பா செய்யிறீர்? தடி இல்லாட்டி வில் ஆடுமெல்லே?"

"தடியோட என்ர கையெல்லே ஆடுது!"

ஐந்து புள்ளிக் குறிகாட்டியைக் கடையில் கொடுத்துவிட்டு, ஒற்றைப் புள்ளி வைத்த ஒன்றும் முன்கைக்குக் காப்புப் பட்டையும் வாங்கினேன். புதியவர்கள் எய்வது கிட்டத்து இலக்குகள்தான். அதற்கு ஒரு புள்ளி போதும். அம்பு தங்கும் இடத்துக்கு, சுற்றிவரக் குறுமயிர் வைத்த வட்டத் தாங்கி. வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் அம்பு கீழே விழாது. நாணை விரலால் இழுக்காமல் கொளுவி இழுக்க, மணிக்கட்டில் பட்டியாகக் கட்டும் ரிலீஸ் இருந்தது. விசையைத் தொட்டால் நாண் விடுபடும். அதைத் தொடவே விடவில்லை கவிதா. "அது உங்க விரல் மாதிரி. இருக்கட்டும்" என்றார். அம்பு முனைகளை மூடி வைக்கும் கூடும் இருந்தது. காட்டில் தடுக்கி விழுந்தால் சொந்த அம்பு குத்தக்கூடாது அல்லவா?

அவ்வளவுதான். வில் என் கைக்குள் வந்தது.

ரவி எதையும் கழற்றவில்லை. அவருக்குக் கை பலம். அவருடைய அம்புகள் இலக்கில் போய் ஏறிக்கொண்டுதான் இருந்தன. "சாமான் நல்லது. பாவிக்கிற ஆளில இருக்கு" என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு!

அப்போதுதான் கவிதா அந்தச் செய்தியைச் சொன்னார். மேற்கே வெகு தூரத்தில் அவருடைய சிநேகிதியின் பண்ணை இருக்கிறது. காட்டு ஆடுகள் பெருகிப் புல்லை எல்லாம் தின்று தீர்க்கின்றன. கிளப்பில் இருந்து சிலர் வேட்டைக்குப் போகிறார்கள்.

"ஒரே ஒரு புது ஆளைத்தான் கூட்டிட்டுப் போகமுடியும். ரெண்டு புது ஆள் கையில அம்பு இருந்தா நான் எந்தப் பக்கம் பார்க்கறது?"

"நான் வாறன்" என்றேன்.

"நான் வாறன்" என்றார் ரவி.

இருவரும் ஒரே நேரத்தில்!

"அப்போ ஞாயித்துக்கிழமை புதியவங்க போட்டி இருக்கு. யாருக்குப் பாயிண்ட் அதிகமோ அவங்க வரட்டும்" என்றார் கவிதா.

அந்த வாரம் வீட்டில் ஒரு மாதிரியான மரியாதை நிலவியது. "தேத்தண்ணி குடிக்கிறீரோ?" "ஓம், தாங்கோ." அவ்வளவுதான் பேச்சு. மாலையில் நடக்கப் போகும்போது நான் தெருவில் நிற்கும் கார்களையும் குப்பைத் தொட்டிகளையும் பார்த்து, இது எவ்வளவு தூரம், அது எவ்வளவு தூரம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். பிறகு நடந்து போய்ச் சரிபார்த்தேன். அக்கம்பக்கத்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

ஞாயிறு காலை. குளிர். கிளப்பின் தாடிக்கார அலுவலர் விதிகளைச் சொன்னார். தூரத்தைக் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். லேசர் அளவி பைக்குள் போக வேண்டும்.

ரவியின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஒரு நொடிதான்.

ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. முயல், மான், ஆடு என்று முதல் இலக்குகளில் அவர்தான் முன்னே. நானோ முயலைத் தாண்டி மண்ணில் எய்தேன். "பதறாதீங்க அக்கா" என்றார் பாயிண்ட் எழுத வந்த கவிதா. போகப் போகப் பாதை மேடானது. ரவியின் தடி புதரில் சிக்கியது. இழுத்தார். மறுபடி சிக்கியது. அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. எனக்கு வாங்கவில்லை. என் வில்லில் என்ன இருக்கிறது சிக்க? ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கடைசி இலக்குக்கு வந்தபோது இருவரும் சமம்.

பள்ளத்துக்குள், நிழலில், பன்றி நின்றது.

ரவி முதலில் எய்தார். நீண்ட நேரம் குறி பார்த்தார். ஐந்து நிறங்களில் எதை வைப்பது? அம்பு பன்றியின் முதுகுக்கு மேலால் பறந்து பின்னால் இருந்த மண்மேட்டில் குத்தியது.

"சே! பச்சையை வைக்க வேண்டிய இடத்தில மஞ்சளை வைச்சிட்டன்."

என் முறை. இழுத்தேன். சில்லுகள் பாரத்தை வாங்கின. ஒற்றைப் புள்ளி பன்றியின் முன்னங்காலுக்குப் பின்னால் போய் அமர்ந்தது. கை நடுங்கவில்லை. உலகத்தில் வேறு எதுவும் இல்லை. விசையைத் தொட்டேன்...

டொக்!

நெஞ்சின் நடு வட்டம். நான் போட்ட கூச்சலில் மரத்தில் இருந்த கொக்கட்டூக் கிளிகள் எல்லாம் கத்திக்கொண்டு பறந்தன. கவிதா கட்டிப்பிடித்துக் குதித்தார். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் காட்டுக்குள் நின்று இப்படிக் கத்தலாமா? கத்தலாம். நன்றாகவே கத்தலாம்!

ரவி வந்து கை கொடுத்தார். "வடிவா எய்தீர்" என்றார். மனதாரத்தான் சொன்னார். எனக்குத் தெரியும்.

புதிதாக எதைத் தொடங்கினாலும் நாம் ஏன் முதலில் கடைக்கு ஓடுகிறோம்? ஓடப் பழகுமுன் சப்பாத்து, கைக்கடிகாரம், நெற்றிப் பட்டி. படம் வரையுமுன் முப்பது தூரிகை. வாங்குவது சுகம், பழகுவது நோவு. அதுதான் காரணமாக இருக்கும். தடியும் லேசரும் கெட்டவை அல்ல. கை உறுதியான பிறகு எனக்கே ஒருநாள் அந்தத் தடி தேவைப்படலாம். ஆனால் எது தேவை என்பது அம்பு எய்து எய்துதான் தெரிய வருகிறது.

திரும்பி வரும்போது ரவி பாதையையே பார்த்துக் கார் ஓட்டினார். கோபமோ என்று நினைத்தேன். வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது வாயைத் திறந்தார்.

"உந்தக் காட்டு ஆடு... எலும்போட வெட்டித் தருவினமோ, இல்லாட்டி நான்தான் வெட்டோணுமோ?"

அடுத்த வாரம் நான் வேட்டைக்குப் போகிறேன் — குசினியும் சமையலும், தோற்றவர் பொறுப்பு!