வேலை செய்யாத மாப்பிள்ளைக்கு ஒரு நற்சான்று

போன மாதம் ஒரு நல்ல மனிதரை நாட்டை விட்டே அனுப்பப் பார்த்தேன். பகையால் அல்ல... பாராட்டியதால்.

அடுத்த வீட்டு ரிஸ்வானாவின் கணவர் நௌஷாத். கேரளாக்காரர். கட்டாரில் இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. அவள் வரவேற்பு மேசை, அவர் ஏசி மெக்கானிக். நிக்காஹ் முடிந்தது. எங்கள் கரையோர வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். வந்தார், கடல் தாண்டி. சாய்ந்தமருதில் பெண் வீட்டுக்கு இவ்வளவு தூரம் வந்த மாப்பிள்ளை வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் வந்த பிறகு சட்டமும் வந்தது. மனைவியின் பேரில் தங்குவதற்கு விசா கிடைத்தது. ஆனால் அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. ரிஸ்வானா கல்முனையில் ஒரு கிளினிக்குக்குப் போகிறாள். நௌஷாத் வீட்டில்.

யோசித்துப் பாருங்கள். கட்டாரில் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை போனால் விசா போகும். இங்கே இவருக்கு வேலை வந்தால் விசா போகும். அங்கே வெறுங்கை குற்றம், இங்கே உழைக்கும் கை குற்றம். ஒரு மனிதன் தன் இரண்டு கைகளையும் எங்கேதான் வைத்துக்கொள்வது?

நௌஷாத் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் உறுமினால் இவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது. எழும்பிப் போய்த் திறந்து பார்த்துவிடுவார். ஒரு சதமும் வாங்க மாட்டார். ஊர் விடுமா? மறுநாள் காலையில் பாரை மீன் வரும். அதற்கு மறுநாள் ஒரு சட்டி எருமைத் தயிர் வரும்.

"விருந்து முடிஞ்சி ரெண்டு வருசமாச்சி, மனிசன் இன்னும் புது மாப்பிள்ளைதான்" என்று தேநீர்க் கடையில் சிலர் சொல்வதுண்டு. ஃப்ரிட்ஜ் பழுதாகாதவர்கள்.

விசா முடிய மூன்று கிழமை இருந்தது, இருபத்தொரு நாள். ரிஸ்வானாவுக்கு ஏழு மாதம். நீடிக்காவிட்டால் பிள்ளை பிறக்கும்போது தகப்பன் கடலுக்கு அந்தப் பக்கம். மற்ற ஆவணங்களோடு பள்ளிவாசலின் நற்சான்றும் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, அண்ணன் முறையான என்னிடம் வந்தாள்.

"காக்கா, நீங்கதானே எழுதுற ஆள். எங்கட மனிசன்ட குணம் வெளங்குற மாதிரி ஒண்டு எழுதித் தாங்க."

எழுதுகிற ஆளிடம் இப்படிச் சொல்லலாமா?

எங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளையைப் புகழ ஒரே சொல்தான்: உழைப்பாளி. தொழுகையைக்கூட அதற்குப் பிறகுதான் விசாரிப்பார்கள். நானும் அந்த வழியில் போனேன். 'அவரது கைகள் ஓய்வை அறியாதவை. இவ்வூரின் குளிர்சாதனப் பெட்டிகள் யாவும் அவரது தொடுகையில் மீண்டும் மூச்செடுத்தவை...' பள்ளிவாசல் தலைவர் ஹாஜியார் வாசித்தார், கண் கலங்கினார், கையொப்பமிட்டார். மொழிபெயர்ப்பாளர் ஒரு வரியையும் விடவில்லை. என் எழுத்து முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ரிஸ்வானா அதைக் கொழும்புக்குக் கொண்டுபோனாள். விசா அதிகாரி இரண்டு முறை வாசித்தாராம்.

"இவர் வேலை செய்கிறாரா?"

"இல்ல சேர். அக்கம்பக்கத்துக்கு உதவி. காசு வாங்குறல்ல."

"இங்கே வேறு மாதிரி எழுதியிருக்கிறதே. தொழில் செய்யவில்லை, உங்கள் பொறுப்பில் இருக்கிறார் என்று தெளிவாக எழுதிக் கொண்டுவாருங்கள்."

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். அழவில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "காக்கா, இந்த முறை கொஞ்சம் மோசமா எழுதுங்க" என்றாள்.

மோசமாக எழுதினேன். 'மேற்படி நபர் எந்தத் தொழிலும் செய்யாது வீட்டிலேயே இருக்கிறார்.' என் கையிலிருந்து வந்த வாக்கியங்களில் இதைவிட வறண்டது வேறில்லை.

ஹாஜியார் பேனையை மூடிவிட்டார்.

"ஏலா தம்பி. தொழில் இல்லாத மாப்பிள்ளை எண்டு பள்ளிக் கடிதத் தலைப்பில எழுதுறதா? அவள்ட தங்கச்சிக்கு நாளைக்கு மாப்பிள்ளை கேக்கிற இல்லையா? அந்த மனிசன்ட மானம்?"

"மானத்தப் பாத்தா மனிசனயே அனுப்பிருவாங்க ஹாஜியார்."

அதுவரை வாசலில் நின்ற நௌஷாத் உள்ளே வந்தார். அவருடைய தமிழில் பாதி மலையாளம். 'ஓம்' மட்டும் சுத்தமான சாய்ந்தமருது.

"ஓம் ஹாஜியார், எழுதுங்கோ. மடியன் எண்டும் எழுதுங்கோ. எனக்கு என்ட குட்டியெக் காணணும்."

ஹாஜியார் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த ஒபிசர் என்ன சொன்ன எண்டாய்? பொறுப்பு எண்டுதானே? அத முதல்ல போடு. மனைவிக்கு உரித்தான வீட்டில், மனைவியின் பொறுப்பில் வாழ்கிறார். அதுக்குப் பொறகு, தொழில் செய்யவில்லை எண்டு சின்னதா எழுது. முதல் வரி நம்மட ஊர் ஆம்பிளைகள் எல்லாருக்கும் பொருந்தும். யாருக்கும் மானம் போகா."

உண்மைதானே? இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. ஹாஜியாரே நாற்பது வருடமாக மனைவியின் வீட்டில்தான். நானும் அப்படித்தான்... இதை எழுதும் மேசை மட்டும் என்னுடையது.

ரிஸ்வானா மறுபடி கொழும்புக்கு இரவு பஸ் ஏறினாள். இந்த முறை நௌஷாத்தும் கூடப் போனார், அவளுடைய பையைச் சுமந்துகொண்டு. அதிகாரி வாசித்துவிட்டு, "முழுப் பொறுப்பும் நீங்களா?" என்று கேட்டாராம். "ஓம் சேர்" என்றாளாம். ஒரு வருடத்துக்கு நீடித்துக் கொடுத்திருக்கிறார்கள். முறைப்படி வேலை செய்ய வேறு அனுமதி இருக்கிறதாம். பிள்ளை பிறந்ததும் அதற்கு விண்ணப்பிப்பார்கள். அதற்கான கடிதத்தை நான் எழுதுவதில்லை என்று அவர்கள் இருவரும் நானும் ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறோம்.

செய்தியை ஹாஜியாரிடம் சொன்னேன்.

"ஒரு வருசமா? அல்ஹம்துலில்லாஹ், குடுத்து வெச்ச மனிசன். என்ட பொஞ்சாதி எனக்குக் கிழமைக்குக் கிழமைதான் நீடிச்சித் தாறா."