மாடியில் விழுந்த பிள்ளை

சென்ற வருடம், மாரி தொடங்கியிருந்த நேரம். நல்லூரில் ஒரு ரியூட்டரியில், தனியார் வகுப்புகள் நடக்கும் இடத்தில், கணினிகளைப் பார்க்கும் வேலை எனக்கு. கொழும்பிலிருந்தபடி திரையில் இரசாயனவியல் படிப்பிக்கும் ஆசிரியருக்காக மாடி வகுப்பறையில் புதிய வைஃபை கருவி பூட்டினோம். இணைப்பு அறுந்தால் உடனே என் கைபேசிக்கு எஸ்எம்எஸ் வரும்படி செய்துவைத்தேன். ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அடுத்த வாரமே மாணவர்கள் முறையிட்டார்கள். வகுப்பு நடுவில் நின்றுவிடுகிறதாம். எனக்கோ ஒரு செய்தியும் வரவில்லை. கணினியில் பார்த்தால், எச்சரிக்கை அனுப்பியாயிற்று என்று வரிசையாகக் கிடக்கிறது. அனுப்பியது எங்கே போனது? சிம்மைக் கழற்றிப் போட்டேன். கைபேசியை அணைத்துப் போட்டேன். தலை சுற்றியதுதான் மிச்சம்.

"பிள்ளையளின்ரை சோதினைக்கு ஒரு மாசந்தான் கிடக்கு. உமக்குச் சரிவராட்டி வேறை ஆளைப் பாப்பம்" என்று நிர்வாகி சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். கடற்கரைப் பக்கத்துக் கொழும்புத்துறையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்.

"தங்கச்சி, உங்கடை மாடியிலை ஆர் பிள்ளை நெடுக விழுகிறது?"

"ஒருத்தரும் விழேல்லையே, அம்மா."

தன் கைபேசியை நீட்டினார். எங்கள் ரியூட்டரியின் பெயர், மாடி, பிறகு ஆங்கிலத்தில் 'டவுன்'. அடுத்ததில் 'அப்'. எனக்கு வரவேண்டிய எச்சரிக்கைகள்! என் கைபேசி இலக்கத்தின் கடைசி எண்ணை நான் பிழையாக அடித்திருக்கிறேன்!

அவருடைய பக்கத்து வீட்டுப் பிள்ளை, "விழுந்திட்டுது, எழும்பிட்டுது" என்று வாசித்துக் காட்டியதாம். ஏதோ நோயுள்ள வருத்தக்காரப் பிள்ளை என்று நினைத்து, மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, இடம் விசாரித்து வந்திருக்கிறார். விழுவது இணைப்புத்தான் என்று விளக்கினேன்.

"அப்ப பிள்ளையளுக்கு ஒண்டுமில்லைத்தானே?" என்று பெருமூச்சு விட்டார். பிறகு, "ஆனா ஒவ்வொரு நாளும் நாலேகாலுக்குத்தானே விழுகுது. அந்த நேரம் இஞ்சை என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டார்.

அந்த நேரங்கள் என் கணினியிலும் இருந்தன. நான் கவனிக்கவே இல்லை. நாலேகாலுக்குக் கீழே தண்ணீர் மோட்டார் போடுவார்கள். மாடிக் கருவிக்கும் அதே வயரிலிருந்துதான் மின்சாரம்; மோட்டார் ஓடத் தொடங்கியதும் மின்சாரம் குறைந்து கருவி நின்றுவிடுகிறது. வயரைப் பிரித்துக் கொடுத்தோம். அதன்பிறகு வகுப்பு அறுந்ததே இல்லை.

தெரியாத இலக்கத்திலிருந்து விளங்காத செய்தி வந்தால் அழிக்கத்தான் இப்போதும் என் கை போகிறது. முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காகப் பஸ் ஏறி வந்த அந்த அம்மாவை நினைத்து, ஒருதரமாவது முழுதாக வாசிக்கிறேன்.