ராஜி அக்கா அடித்த பந்து

போன சனிக்கிழமை லூயிஷாம் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு பேஸ்பால் கையுறை கிடந்தது. எடுத்து முகர்ந்தேன். தோலும் எண்ணெயும் வியர்வையும் கலந்த அதே வாசனை. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள். லண்டனில் ஒரு மலேசியத் தமிழனுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன உறவு என்று.

படிக்க வந்த காலத்தில் சட்டன் பக்கம் ஓர் அணியில் ஆடினேன். எங்கள் பயிற்சியாளர் மிகேல், கியூபாக்காரர், அதைத் தொழில்முறை அணி என்றுதான் சொல்வார். சம்பளம் என்பது ரயில் கட்டணமும் ஆட்டம் முடிந்து ஒரு பொட்டலம் சிப்ஸும். பந்து வீசுபவர் தவம் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், பெட்ரோல் நிலையத்தில் வேலை. என் திறமை பற்றிச் சொல்ல அதிகமில்லை.

ஒரு கோடைப் பருவம் முழுக்கத் தோற்றோம். கடைசி ஆட்டத்திலும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாகப் பணம் போட்டவர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தபோது, எங்கள் அணியில் ஆடிய ஜப்பானியச் சமையல்காரர், கெஞ்சி என்று பெயர், பந்தைப் பிடிக்கப் பாய்ந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். ஒன்பதாவது ஆள் இல்லையென்றால் ஆட்டம் எதிரணிக்கு.

சாப்பாடு கொண்டுவந்திருந்த தவம் அண்ணையின் தங்கை ராஜி அக்கா எழுந்தார்.

"நான் நிக்கிறன். பள்ளிக்கூடத்திலை எல்லே விளையாடினனான்."

எல்லே, மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற இலங்கை விளையாட்டு. மிகேல் நடுவரைப் பார்த்தார். பெண்கள் ஆடக்கூடாது என்று விதியில் இல்லை என்றார் அவர்.

எங்கள் கடைசி இன்னிங்ஸில் இருவர் அவுட். எறிந்த பந்து முதுகில் பட்டதற்காக, சுற்றி ஓட வேண்டிய நான்கு தளங்களில் முதலாவது எனக்கு இலவசமாகக் கிடைத்திருந்தது. கெஞ்சியின் சப்பாத்தில் இரண்டு சோடி காலுறையோடு அக்கா வந்து நின்றார். இரண்டு முறை மட்டையை வீசித் தவறவிட்டார்; மூன்றாவதும் தவறினால் அவுட்.

"எல்லேயிலை எங்கட ஆளே மெதுவாப் போடும். இவன் என்ன, ஆளைக் கொல்லுற மாதிரி எறியிறான்?"

"வெளியாலை வாற பந்தை விடு, ராஜி. நேரை வாறதை அடி!" என்றார் அண்ணை.

அடுத்தது நேராக வந்தது. அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து எல்லோர் தலைக்கும் மேலாகப் போய் மரங்களுக்குக் கீழே உருண்டது. நான் ஓடி முடித்து, ஓட்டத்தைச் சமன் செய்துவிட்டுத் திரும்பினால், அக்கா குனிந்தும் வளைந்தும் பாம்பு போல ஓடிக்கொண்டிருக்கிறார்.

"நேரா ஓடுங்கக்கா!" என்று கத்தினேன்.

பந்து வந்து சேருமுன் அவர் விழுந்தடித்து கடைசித் தளமான ஹோமைத் தொட்டார். வென்றுவிட்டோம்! மிகேல் அழுதார். கெஞ்சி ஒற்றைக்காலில் குதித்தார்.

"ஏனக்கா வளைஞ்சு ஓடினீங்க?"

"எல்லேயிலை பந்தாலை எறிஞ்சு அவுட் ஆக்குவினம், தம்பி. முதுகு நோகுமெல்லோ!"

அடுத்த பருவம் அக்காவின் பெயரோடு சட்டை வந்தது. அவர் ஆடிய கோடைகளில் நாங்கள் அடிக்கடி வென்றோம். பிறகு மைதானத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. மிகேல் ஸ்பெயினுக்குப் போய்விட்டார், தவம் அண்ணை கனடாவில். அக்கா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கைத்தடியோடு நடக்கிறார். அன்று அவரைத் தோளில் தூக்கிச் சுற்றிய நாங்கள் எல்லோரும் ஒன்றாய் நிற்க இனி ஒரு புல்தரையும் இல்லை.