கடல்நாய்க்கு வைத்த தண்ணீர்

அப்பாவின் அலுமாரியைத் திறந்ததும் அந்துருண்டை மணம் அடித்தது. தொண்ணூறுகளில் லண்டன் மியூசியம் ஒன்றில் அவர் காவல் நின்ற வடதுருவ அறையின் மணமும் அதுதான். அம்மாவுக்குச் சனிக்கிழமை ஷிப்ட் என்பதால், ஹீட்டர் முனகும் அந்த அறையில், தோல் படகுக்கும் கல் விளக்குக்கும் இடையே, கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம்பண்ணி வைத்திருந்த கடல்நாயைப் பார்த்தபடியே என் பகல்கள் கழிந்தன.

ஒருநாள் அந்தப் பனிக்கடல் பக்கத்து இனுயிட் பெண் ஒருவர் வந்து, பெட்டியின் முன் நின்று அப்பாவோடு நெடுநேரம் பேசிவிட்டுப் போனார்.

"உப்புக்கடலில தாகத்தோட திரியிற சீவனாம், பிள்ளை. வேட்டையில கடல்நாய் பட்டா, முதல் அதின்ர வாயில நல்ல தண்ணி விடுவினமாம்," என்றார் அப்பா. "இப்ப பனி முந்தின மாதிரி இறுகுதில்லையாம். வேட்டைக்குப் போகவே ஏலாதாம்."

தண்ணீரோடு உள்ளே வருகிறவர்களைத் தடுப்பதுதான் அப்பாவின் வேலை. அன்றிலிருந்து அவரே, அறையைப் பூட்டுமுன், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பெட்டியடியில் ஒரு பேப்பர் கப்பில் தண்ணீர் வைப்பார்.

அந்த மியூசியத்தையும் இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். போகட்டும்.

போன மாதம் ஆஸ்பத்திரியில், அப்பாவின் கடைசி நாளில், வாயால் எதுவும் கொடுக்கக் கூடாதென்று கட்டிலுக்கு மேலே எழுதியிருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, விரலைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டில் வைத்தேன்.