எஸ்தர் டீச்சரும் பிராந்திப் பழமும்

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் திரும்பும் பஸ்ஸில், வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த பழைய மாணவி ஒருத்தி என்னை அடையாளம் கண்டு அந்தச் செய்தியைச் சொன்னாள். "ஏனுங்க டீச்சர், நம்ம எஸ்தர் டீச்சர் தவறிட்டாங்களாமுங்க. அடக்கம் பண்ணி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சுங்களாம்." இரைச்சலில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். உரக்கச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சேலத்தில் நம் பெண்கள் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் மூன்றாம் வகுப்பில் கணக்குப் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி நீங்கள் கடைசியாகக் கேள்விப்பட்டது எது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

எஸ்தர் அக்காவின் தகப்பனார் ஏற்காட்டில் ஒரு காப்பித்தோட்ட துரையின் பங்களாவில் சமையற்காரர். பழங்களைப் பிராந்தியில் ஊறவைத்துக் கிறிஸ்துமஸ் கேக்குக்குச் சேர்க்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. ஆடியில் மலையிலிருந்து பேரிக்காய் இறங்கியதும் ஆரம்பித்துவிடுவார். தோல் சீவி, துண்டு போட்டு, பீங்கான் ஜாடியில் ஒரு அடுக்குப் பழம், ஒரு அடுக்குச் சர்க்கரை. மேலே பிராந்தி. பிறகு உலர்ந்த திராட்சை. ஐப்பசிக்குப் பின் கமலா ஆரஞ்சு வந்தால் ஒவ்வொரு சுளையாக உரித்து, விதை எடுத்து, அதே ஜாடியில் சேர்ப்பார். பழம் மிதக்காமலிருக்க ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து அழுத்தி வைப்பார். "முழுகிக் கெடக்குற பழம் கெடாது அம்மிணி. தலயத் தூக்கிப் பாக்குற பழந்தான் பூசணம் பூத்துப்போகும்" என்பார். வகுப்பில் பேசுகிற பிள்ளைகளிடமும் இதையே வேறு விதமாகச் சொல்வார்.

நான் எருமப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் கள் என்ற சொல்லைக்கூட யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஒருநாள் அக்கா ஒரு பேரிக்காய்த் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "மருந்துன்னு நெனச்சுத் தின்னு." தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. இன்னொரு துண்டு கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரி என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

அவருடைய கணவர் ஞானப்பிரகாசம் ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. குடிக்காத வேளையில் அவரைப் போன்ற சாது கிடையாது. அந்த வேளைகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தன. ஒரு டிசம்பரில் கேக்குக்காக ஜாடியைத் திறந்தால் பழமெல்லாம் அடியில் வற்றிக் கிடந்தது. "பழத்த உட்டுப்போட்டுச் சாற மட்டும் குடிச்சிருக்காரு பாரு. பூனகூட இவ்வளவு சுத்தமாத் தொடச்சு வெக்காது" என்றார் அக்கா. அந்த வருஷமும் கேக் செய்தார். அது கசந்தது.

மதுவிலக்கு நம் ஜில்லாவுக்குத்தான் முதலில் வந்தது. கடைகளை மூடிய அன்று தெருவில் பெண்கள் தேங்காய் உடைத்தார்கள். அக்கா வீட்டில் அப்போது பாதி ஜாடி ஊறிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். ஒரு துண்டைக்கூட வாயில் போடவில்லை. வெந்நீர் விட்டுக் கழுவி, ஜாடியைக் கொல்லைச் சுவர் மேல் தலைகீழாக வைத்தார். "இனிமே என்ற ஊட்டுல இது எலுமிச்சங்கா ஊறுகாய்க்குத்தான்." அன்று அவர் முகத்தில் இருந்த நிம்மதியை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மறு வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு போலீஸார் வந்தார்கள். அதே ஜாடி சமையலறைப் பரண்மேல் இருந்தது. இறக்கித் திறந்தார்கள். மேலே ஆரஞ்சுத் துண்டுகள். கீழே கள்ளச்சாராயம்.

"யாருதும்மா இது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஞானப்பிரகாசம் சுவரோடு ஒட்டி நின்றார். தெருவே வாசலில் கூடியிருந்தது.

"என்னுதுதானுங்க. கேக்குக்கு ஊறப்போட்டனுங்க" என்றார் அக்கா.

கோர்ட்டுக் கச்சேரியிலும் அதையே சொன்னார். அபராதம் விதித்தார்கள். அதே வாரம் பள்ளியை விட்டு நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலில் அவர் உட்கார்ந்த வரிசையில் மற்றவர்கள் உட்காரவில்லை. பிள்ளைகள்கூட 'சாராய டீச்சர்' என்றார்கள். கச்சேரி வராந்தாவில் ஞானப்பிரகாசம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இனித் தொடமாட்டேன் என்று அழுதார். பொங்கல் வரையில் தொடவில்லை.

யுத்தத்தின்போது, பார்சல் மூட்டைகளுக்கு நடுவில் குடித்து நினைவின்றிக் கிடந்த ஞானப்பிரகாசத்தை மேலதிகாரி பார்த்துவிட்டார். அந்த வேலையும் போயிற்று. இருவரும் கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்குமிடத்தில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். அக்கா ரவிக்கை தைத்துக் கொடுத்தார். நான் நாமக்கல்லுக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். லீவில் போய்ப் பார்ப்பேன்.

கடைசியாகப் போனபோது இருமலோடு படுத்திருந்தார். ஜாடியைக் கழுவிக் கவிழ்த்ததைப் பார்த்தவள் நான். அவர் மறுபடி பழம் போட்டிருப்பார் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. அன்றுதான் வாய்விட்டுக் கேட்டேன்.

"நீங்க போடலீங்களே அக்கா, அந்தப் பழம்?"

தலையணையை முதுகுக்குக் கொடுத்து எழுந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "ஜாடியத் தொறந்ததும் தெரிஞ்சுபோச்சு அம்மிணி. தோலோட, வெதையோட நறுக்கிப் போட்டிருந்தாரு. வாசனய மறைக்கோணும்னு."

"அப்புறம் ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"அவரு சம்பளம் பெருசு. என்ற வேல போனாலும் அது நிக்கும்னு நெனச்சேன். கணக்கு டீச்சர்தான நானு." சிரிக்க முயன்றார். இருமல் வந்துவிட்டது. "ரெண்டும் போயிருச்சு. அவரும் திருந்துல. ஒண்ணும் மிச்சமில்ல சாமி."

வெந்நீர் எடுத்துக் கொடுத்தேன். ஆறுதல் எதையும் அவர் எதிர்பார்க்கவில்லை.

பஸ்ஸில் செய்தி கேட்ட மறுநாள் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனேன். ஞானப்பிரகாசம் வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். என்னைக் கண்டதும் அழுதார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். "நல்லவதாங்க டீச்சர். அந்த ஒரு ஜாடியாலதான் குடும்பம் கெட்டுது. நான் அப்பவே சொன்னேன், வேண்டாம் எஸ்தர், சட்டம் வந்திருச்சுன்னு. கேக்கல" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவரின் முகமாக அது இல்லை. இத்தனை வருஷத்தில் அவரே அதை நம்பிவிட்டிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். "அவங்களுது இல்லீங்க, உங்களுது" என்றேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு, அக்கா கடைசியில் கஞ்சிகூடக் குடிக்கவில்லை என்று வேறு பேச்சைத் தொடங்கிவிட்டார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்ள அந்த அறையில் ஒரு பொருளும் இல்லை. தையல் மிஷினைக்கூட விற்றுவிட்டிருந்தார்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது, அவர் குற்றமற்றவர் என்று தெரிந்திருப்பது ஒன்றுதான். தெரிந்த இருவரில் ஒருவர் போய்விட்டார். நீங்கள் நம்பாவிட்டால், என்னோடு அதுவும் போய்விடும்.