சம்பந்தியம்மாவின் தேசியக் கலைஞர்கள்

என் மகளின் மாமியாரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பிலிப்பைன்ஸிலிருந்து தாதியாக வந்து, ரொறன்ரோ ஆஸ்பத்திரிகளில் காலம் முழுக்க உழைத்து ஓய்வு பெற்ற மனுசி. என் மகளைத் தன் பிள்ளை போலத்தான் பார்க்கிறார். மோர்னிங்சைட்டில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனால் வயிறு முட்டச் சாப்பாடு போடாமல் விடமாட்டார். சிக்கல் என்னவென்றால், சாப்பாட்டோடு சேர்த்து அவர் பரிமாறும் பேச்சு. வாயைத் திறந்தால் ஓவியர், மூடினால் இசையமைப்பாளர். "எங்கள் நாட்டில்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார் என்றால் என் தட்டில் சோறு ஆறிவிடும்.

அவர்கள் நாட்டில் அரசாங்கமே 'தேசியக் கலைஞர்' என்று ஒரு பட்டம் கொடுக்கிறது. பட்டத்தோடு மாதாமாதம் உதவித்தொகை, வைத்தியச் செலவு, இறந்தால் அரச மரியாதை, போர்வீரர்களைப் புதைக்கிற இடத்தில் ஒரு குழி. ஊர் ஊராகப் போய் குடியானவர்களின் ஆட்டங்களைப் படித்து அவற்றைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுவந்த ஒரு பெண்மணிக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடலை மண் போட்டு மூடி எடுத்த நிலத்தில் பெரிய அரங்கம் கட்டிய கட்டடக் கலைஞருக்குக் கொடுத்திருக்கிறார்கள். பத்திரிகையில் சித்திரக்கதை வரைந்தவருக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

"சித்திரக்கதைக்குமா?" என்று கேட்டேன். கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்டேன்.

"அதைப் படித்துத்தான் எங்கள் சனம் வாசிக்கவே பழகியது" என்றார் சம்பந்தியம்மா. நக்கல் அவருக்கு உறைக்கவே இல்லை.

ஒருமுறை ஒரு ஜனாதிபதி தனக்கு வேண்டியவர்களை அந்தப் பட்டியலில் செருகப் பார்த்தபோது, கலைஞர்கள் தெருவில் இறங்கி, நீதிமன்றம் வரை போய் அதைத் தடுத்தார்களாம். எனக்குத் தெரிந்த நாடுகளில் இதை வெட்கப்பட்டு மறைப்பார்கள். இந்த மனுசி அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு என் தட்டில் இன்னொரு துண்டு பன்றி இறைச்சியை வைத்தார். பிறகு கேட்டாரே ஒரு கேள்வி: "உங்கள் தேசியக் கலைஞர்கள் யார்?"

மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். முதலில் எந்தத் தேசம் என்று சொல்லவேண்டும் அல்லவா? பாஸ்போர்ட் கனடாவினுடையது. பிறந்த நாட்டு அரசாங்கம் எங்கள் தலையில் போட்டது பட்டம் அல்ல, குண்டு. இதையெல்லாம் சோற்றுக்கு நடுவில் விளக்க முடியுமா? "இறைச்சி நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து சாப்பிட்டேன். அன்று ஏறிய கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

நானும் படம் கீறுகிறவன்தான். பகலில் ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் கார் பம்பருக்குப் பெயின்ற் அடித்தேன். மற்ற நேரமெல்லாம் மல்வேர்னில் என் வீட்டுக் கராஜில் மேடைத் திரைகள் கீறினேன். ஸ்காபரோவில் நடந்த நாடகங்களுக்கும் அரங்கேற்றங்களுக்கும் பின்னால் நின்ற கோபுரங்கள், அரண்மனைகள், காடுகள் பெரும்பாலும் என் கையால் வந்தவை. நிகழ்ச்சிப் பிரசுரத்தில் மிருதங்கத்துக்குப் பெயர் வரும், மைக் செற்றுக்குப் பெயர் வரும், இடைவேளைக்குத் தின்ன ரோல்ஸ் கொடுத்த கடைக்கு முழுப்பக்கம் வரும். திரைக்கு வருவது 'மேடை அலங்காரம்: நண்பர்கள்'. அந்த நண்பர்கள் என்பது நான் ஒருத்தன்தான்.

இதைச் சம்பந்தியம்மாவிடம் மகள்தான் சொன்னாள். "என் அப்பாவும் ஆர்ட்டிஸ்ட்." மனுசிக்குக் கண் விரிந்துவிட்டது. அடுத்த முறை போனபோது கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படத்தை என் கையில் திணித்தார். அவர்கள் நாட்டின் பழைய ஓவியர் ஒருவரின் படத்துப் பிரதி. வயலில் பெண்கள் நாற்று நடுகிறார்கள். வெயில் அவர்களின் முதுகுப்பக்கத்திலிருந்து வருகிறது. முகம் நிழலில், தலைத்துணியின் விளிம்பு மட்டும் பொன்னாய் எரிகிறது. சொல்லவே கசக்கிறது, நன்றாகத்தான் கீறியிருந்தார். வெயிலைப் பின்னால் வைத்துக் கீறுவது எவ்வளவு சிரமம் என்று கீறிப் பார்த்தவனுக்குத் தெரியும். கொண்டுவந்து பேஸ்மென்ற்றில் வோஷிங் மெஷினுக்கு மேலே மாட்டினேன். உடுப்புத் தோய்க்கும்போது மட்டும் பார்த்தால் போதும்.

இப்படியிருக்க, போன வருடம் எங்கள் கலைச் சங்கத் தலைவர் போன் எடுத்தார்.

"அண்ணை, இந்தமுறை விழாவில உங்களுக்கும் ஒரு பட்டம் தாறம்."

"என்ன பட்டம்?"

"அது பிறகு யோசிப்பம். நீங்கள் வாறன் எண்டு சொல்லுங்கோ."

எங்கள் ஆட்கள் பட்டம் கொடுக்கிற அழகை நான் பல வருடங்களாகத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தவன். வரிசையில் நிறுத்தி, பொன்னாடை போர்த்தி, கேடயத்தைக் கையில் கொடுத்து, படம் எடுத்து, அடுத்த ஆள். முதல் ஆளுக்குப் போர்த்திய பொன்னாடையை மடித்துக் கொண்டுவந்து கடைசி ஆளுக்குப் போர்த்தியதையும் கண்டிருக்கிறேன். அந்தத் தலைவருக்கே நாலைந்து பட்டம் உண்டு. எல்லாம் அவரே தலைவராக இருந்த சங்கங்கள் கொடுத்தவை. முகத்தில் அடித்ததுபோல் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மகள் பக்கத்தில் இருந்தாள்.

"எடுங்கோ அப்பா. நான் வந்து முன்னுக்கு இருந்து பாக்கிறன், ப்ராமிஸ். சின்னனில எப்பவும் உங்களோட பின்பக்கம்தானே நிண்டனான்."

அது உண்மை. தாய் வேலைக்குப் போன நாட்களில் அவளைக் கூட்டிக்கொண்டுபோய்த் திரைக்குப் பின்னால் கதிரை போட்டு இருத்துவேன். முன்பக்கம் யார் ஆடுகிறார்கள், யாருக்குக் கை தட்டுகிறார்கள் என்று அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. மனைவி இப்போது இல்லை. எனக்கென்று வந்து முன்வரிசையில் உட்காரக்கூடியவள் இவள் ஒருத்திதான். பட்டம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் முன்னால் இருந்து என்னைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். நன்றாகவே ஆசைப்பட்டேன். ஓம் என்றேன்.

விழா மண்டபம் மல்வேர்னுக்குப் பக்கத்தில், தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கிறது. நடுவே ஒரு மடிப்புச் சுவரை இழுத்துவிட்டால் ஒரு மண்டபம் இரண்டாகிவிடும். வாடகை குறைவு என்று மருமகனுக்கு நான்தான் சொல்லியிருந்தேன், வேறு எதற்கோ. அந்த நேரம் பார்த்து மணிலாவில் சம்பந்தியம்மாவின் தேசியக் கலைஞர் ஒருவர், வயதான ஓவியர், இறந்துபோனார். இங்கே இருக்கும் அவர்களின் ஆட்கள் நினைவுக் கூட்டம் வைக்க இடம் தேட, மருமகன் எங்கள் விழா நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குச் சுவரின் அடுத்த பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டான். இரண்டுக்கும் ஒரே பார்க்கிங் என்று அவனுக்கு ஒரே சந்தோசம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே நாலு கேட்டிருப்பேன். மகள் கண்ணைக் காட்டினாள்.

"அப்பா, ரெண்டுக்கும் நான் வருவன். சுவர்தானே நடுவில."

அன்றைக்குப் போய்ப் பார்த்தால் வாசலிலேயே இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டு நின்றது. எங்கள் பக்கம் பட்டும் சரிகையும். அவர்கள் பக்கம் ஆண்கள் எல்லாம் அன்னாசி நாரில் நெய்த மெல்லிய சட்டையோடு அமைதியாக நின்றார்கள். அந்த அமைதியும் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. சம்பந்தியம்மா கறுப்புச் சட்டையில் வந்து என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். நன்றி என்று ஒரு சொல்லோடு நகர்ந்தேன்.

விழா தாமதமாகத் தொடங்கியது. வரவேற்புரை முடிந்து ஆசியுரை, ஆசியுரை முடிந்து தலைமையுரை. நடுவில் அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு பெடியன் வந்து, மைக்கைக் கொஞ்சம் குறைக்க முடியுமா, அங்கே இறந்தவரைப்பற்றிப் பேசுகிறார்கள் என்று தயவாகக் கேட்டான். எங்கள் பொருளாளர், "நாங்களும் காசு கட்டித்தான் எடுத்தது" என்று அவனைத் திருப்பி அனுப்பினார். மற்ற நாளென்றால் அந்த மனுசனின் மூஞ்சியில் நான் முழிக்கமாட்டேன். அன்றைக்கு உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன்.

மகள் என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். பட்டியலில் நான் கடைசிக்குக் கிட்ட. அவளுடைய போன் விறுக் விறுக்கென்று அதிர்ந்துகொண்டே இருந்தது.

"அப்பா, மாமி அங்க தனிய அழுகிறாவாம். ஒருக்கா பாத்திட்டு ஓடி வாறன். உங்களைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்குத்தானே?"

தலைவரிடம் கேட்டேன்.

"இன்னும் கன பேர் இருக்கினம் அண்ணை. பிள்ளை ஆறுதலாப் போயிட்டு வரட்டும்" என்றார்.

அவள் போனாள். அவள் கதவைத் தாண்டியிருப்பாளோ இல்லையோ, பட்டியலில் எனக்கு முன்னால் மிச்சம் இருந்த ஒருவரும் இன்னும் வந்து சேரவில்லை என்பது தெரியவந்தது. பிரதம விருந்தினர் வேறு அடுத்த விழாவுக்குப் போகவேண்டுமாம். வந்திருக்கிற ஆட்களை முதலில் முடிப்போம் என்று தலைவர் தாளைப் புரட்டினார். என் பெயர் மைக்கில் கேட்டது. 'வர்ணச் சக்கரவர்த்தி' என்று வைத்திருந்தார்கள். பம்பருக்குப் பெயின்ற் அடித்தவனுக்கு ஏற்ற பட்டம்தான்.

கொஞ்சம் பொறுங்கள், மகள் வரட்டும் என்றேன். "ஏறுங்கோ அண்ணை, நேரம் போகுது" என்று பின்னாலிருந்து ஒருவர் முதுகில் கை வைத்துத் தள்ளினார். மேடையில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். முன்வரிசையில் அவளுடைய கதிரையில் ஒரு கைப்பை மட்டும் இருந்தது. பின்பக்கம் சாப்பாட்டுத் தட்டங்களைத் திறந்துவிட்டார்கள். சனம் எழும்பி வரிசையில் நின்றது. பொன்னாடையைப் போர்த்தினார்கள். யாரோ இரண்டு பேர் கையைத் தட்டிவிட்டு நிறுத்தினார்கள். கேடயத்தில் என் பெயரைப் பார்த்தேன், பார்வையைத் தூக்க மனம் வரவில்லை.

அப்போதுதான் அது கேட்டது. மடிப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டல். முதலில் கொஞ்சமாக, பிறகு பெரிதாக, பிறகு சுவரே நடுங்குவதுபோல. நிற்கவில்லை. எங்கள் பக்கம் வரிசையில் நின்றவர்கள் தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். அறிவிப்பாளர் சும்மா இருப்பாரா? மைக்கைப் பிடித்தார்.

"பக்கத்து மண்டபத்தில இருக்கிற பிலிப்பீனோ உறவுகளும் எங்கட கலைஞரை எழுந்து நிண்டு வாழ்த்துகினம்" என்றார்.

நான் நம்பினேன். மகள் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறாள், என் அப்பாவுக்கு இப்போது பட்டம் கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள் என்று நம்பினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு கைதட்டலை முன்பக்கத்திலிருந்து நான் கேட்டதில்லை. கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். தலைவரும் பக்கத்தில் வந்து நின்று கும்பிட்டார். அவருக்கு எந்தக் கைதட்டலையும் வீணாக விட்டுப் பழக்கமில்லை.

இறங்கியதும் பொன்னாடையோடே அந்தப் பக்கம் போனேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சம்பந்தியம்மாவுக்கு மனதார ஒரு நன்றி சொல்ல நினைத்துப் போனேன். கதவைத் திறந்தால், மேடை நடுவில் ஒரு கிழவரின் பெரிய படம், சுற்றிவர வெள்ளைப் பூ. சனம் அப்போதுதான் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

சம்பந்தியம்மா என்னைக் கண்டு எழும்பி வந்தார். துக்கம் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்போலும், இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மணிலாவில் ஒரு தேசியக் கலைஞரின் உடலை அரங்கத்திலிருந்து வெளியே எடுக்கும்போது, எல்லோரும் எழும்பி நின்று அது கண்ணை விட்டு மறையும் வரை கை தட்டுவார்களாம். கடைசிக் கைதட்டல். "உடல் இங்கே இல்லையே. அதனால் எப்போது நிறுத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை" என்றார்.

என் தோளில் கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. செத்தவருக்கு விழுந்த கைதட்டலைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்தவன் நான். அந்தக் கிழவரின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. உனக்கு ஒரு நாடு இருக்கிறது, பென்சன் இருக்கிறது, குழி இருக்கிறது, இங்கே வந்து என்னுடையதையும் எடுத்தாயா என்று அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும்போல இருந்தது.

கூட்டத்துக்குள்ளிருந்து மகள் வந்தாள். கண் சிவந்திருந்தது. என் தோளில் கிடந்த பொன்னாடையைக் கண்டாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"கூப்பிட்டிட்டினமே? அப்பா, எப்ப?"

"இப்பத்தான்."

"ஐயோ, நான் வர வெளிக்கிட்டனான், எல்லாரும் எழும்பிட்டினம். இடையில வர ஏலாமல் போச்சு. சாரி அப்பா." கையை நீட்டி என் பொன்னாடையின் நுனியைப் பிடித்தாள். உள்ளங்கை இரண்டும் செக்கச் சிவந்து கிடந்தன. "நானும் நிண்டு தட்டினனான். உங்களுக்கு அங்க கேட்டதோ?"

"ஓம், கேட்டது" என்றேன். "மேடையில நிண்டு கும்பிட்டனான்."